என் கணவரின் ரத்தத்தில் வளர்ந்தவை

என் கணவரின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி நன்றாக வளரும். இதை நான் கவலையோடு சொல்லவில்லை, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

அவருக்கு மலேரியா இல்லை. இருவரும் தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறோம். அவர் வேதியியல்காரர், புதுப்புது மூலக்கூறுகளைச் செய்வார். நான் உயிரியல்காரி, மலேரியாக் கிருமியைக் குடுவைகளில் வளர்ப்பேன். அவர் செய்து கொடுக்கும் பொடியைக் கரைத்துக் கிருமியின் மேல் விட்டு, அது செத்ததா பிழைத்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இருக்கிற மருந்துகளுக்கு அசைந்து கொடுக்காமல் நிற்க இந்தக் கிருமி உலகத்தில் பல இடங்களில் பழகிவிட்டது. அதனால் புதிய மருந்து தேடும் கூட்டம் எங்கும் இருக்கிறது, அதில் நாங்களும் ஒரு சின்னக் கூட்டம். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள், நம் பக்கம் டெங்குதானே வருகிறது, மலேரியா எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அவர் பொறுமையாக விளக்குவார். நான் பாயசத்தைக் கவனிப்பேன்.

இந்தக் கிருமிக்கு மனித ரத்தம்தான் வீடு. சிவப்பணுவுக்குள் புகுந்து, அதைத் தின்று பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த அணுவைத் தேடும். ஆகவே வளர்க்கிறவர்களுக்குச் சிவப்பணு வேண்டும். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரான சீரமும் வேண்டும், அதுதான் கிருமிக்குச் சாப்பாடு. எங்கள் ஆய்வகத்தில் ஓ பாசிட்டிவ் மட்டும்தான் எடுப்போம். முறைப்படி அனுமதி வாங்கி, விருப்பம் உள்ளவர்களிடம் நர்ஸ் கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். நான் பி பாசிட்டிவ். போதாததற்கு ரத்தசோகை வேறு. நர்ஸ் ஒருநாள் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்கே யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சிரித்தார்.

என் கணவரோ சுத்தமான ஓ பாசிட்டிவ். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிடும். அவருடைய ரத்தத்தைப் போட்ட குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், அணுக்களுக்குள் சின்னச் சின்ன மோதிரங்களாகக் கிருமிகள் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும். ஆராய்ச்சி மாணவர்கள் கொடுக்கும் ரத்தத்திலும் வளரும்தான், ஆனால் இந்த அழகு வராது. மூலக்கூறும் அவருடையது, ரத்தமும் அவருடையது என்றால் எனக்கு என்ன மிச்சம் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கிருமி மிச்சம். அதற்குப் பெயர் போடுகிற வழக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

வேலையிலும் அப்படித்தான். அவர் பொடிகள் ஃபிரிட்ஜில் கிடக்கும். அவர் திருப்பதி போனாலும் கிடக்கும், காய்ச்சலில் படுத்தாலும் கிடக்கும். என் கிருமிகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும். தீபாவளி, பொங்கல், நாத்தனார் வளைகாப்பு எதுவும் அவற்றுக்குத் தெரியாது. பொங்கலன்று பானை பொங்கியதும் புடவையை மாற்றிக்கொண்டு நான் ஆய்வகத்துக்கு ஓடுவேன். திரும்பி வந்தால், திருவையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் மாமியார், "என்னம்மா, அதுங்களுக்குச் சோறு போட்டுட்டு வந்தியா?" என்று கேட்பார். அதில் கேலி பாதி, நிஜமான அக்கறை பாதி. மகன் சாய்வு நாற்காலியில் கரும்பு கடித்துக்கொண்டிருப்பார்.

இதில் எனக்கென்று ஒரு பெருமையும் உண்டு. கிருமிக்குக் காற்றில் பிராணவாயு குறைவாக இருக்க வேண்டும். அதற்கென்று வாயுக் கலவை சிலிண்டர் உண்டு, ஆனால் அது எங்களுக்கு வேண்டும்போது வந்ததாகச் சரித்திரமே இல்லை. அப்போதெல்லாம் பழைய முறைதான். கனமான கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, சுடர் மங்கி அணையப் போகிற சமயம் பார்த்து மூடியின் துளையை இறுக்க வேண்டும். எங்கள் துறையில் அந்தச் சமயம் தெரிந்தவள் நான்தான். என் கணவர் ஒருமுறை முயன்று பார்த்தார், சீக்கிரமே இறுக்கிவிட்டார், ஒரு வாரத்துக் கிருமி போயிற்று. அந்த வாரம் முழுக்க நான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்ததாக அவர் பிற்பாடு சொன்னார்.

ஆனால் மெழுகுவத்தி ஏற்றுகிறவளை யார் மருந்து கண்டுபிடித்தவள் என்பார்கள்? மூலக்கூறு செய்தவர் கண்டுபிடித்தவர். நான் பரிசோதித்துச் சொன்னவள், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சர்க்கரை அளவு பார்த்துச் சொல்கிறார்களே, அந்த மாதிரி. கட்டுரைகளில் அவர் பெயர் முதலில் வரும், என் பெயர் கூட்டத்தின் நடுவில் எங்காவது நிற்கும். ஆகவே அவருடைய பொடி எதற்கும் உதவாது என்று எழுதிக் கொடுக்கும் நாள்களில் எனக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அன்று வீட்டில் சமையல் தூக்கலாக இருக்கும். அவருக்கும் அது தெரியும். கையைக் கழுவிவிட்டு வந்து உட்காரும்போதே, "வத்தக்குழம்பு இப்படி மணக்குதே, இன்னிக்கு என்னோடது எத்தனை ஊத்திக்கிச்சு?" என்பார். நான் அப்பளத்தை நகர்த்தி வைப்பேன்.

அந்த ஆண்டு மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்து, வாய்க்கால்களில் தண்ணீர் வந்திருந்த நேரம். அவர் டெல்லியில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. பேச்சின் பாதி என் ஸ்லைடுகள். போனவர் புது ஷூவோடு வந்தார். வந்த வாரக்கடைசியில் வழக்கம்போல ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். திங்கள்கிழமை காலை நான் காப்பியை ஆற்றிக் கொடுத்தபோது, "பால் வேண்டாம், டிகாஷன் மட்டும் குடு" என்றார்.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்த மனுஷன். கள்ளிச்சொட்டாகப் பால் இல்லாவிட்டால் தலைவலி என்று படுத்துவிடுகிறவர். எனக்கு உடனே புரிந்துவிட்டது, டெல்லி நாகரிகம். அங்கே பெரிய பெரிய ஆள்கள் கறுப்புக் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பேசியிருப்பார்கள், இவருக்கும் தொற்றிக்கொண்டது. ராத்திரி தயிர் சாதமும் வேண்டாம் என்றார், ரசத்தோடு எழுந்தார். உடம்பை வேறு குறைக்கிறாரா என்று நினைத்துக்கொண்டேன். லேசாகக் காலை இழுத்து நடந்தார். கேட்டதற்குப் புது ஷூ கடித்துவிட்டது என்றார். நன்றாகக் கடிக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வயலட் நிறக் கத்தரிக்காயை அன்று கொஞ்சம் வேகமாகவே நறுக்கினேன்.

அந்த வாரம்தான் சீரம் தீர்ந்துபோனது. அவரிடம் ரத்தம் எடுத்தோம். எப்போதும்போல முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, நர்ஸின் மகன் வாங்கிய பிளஸ் டூ மார்க்கைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே கொடுத்தார். அந்தச் சீரத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து உறையவைத்தேன். பல வாரத்துக்கு அதுதான் கிருமிகளின் சாப்பாடு.

அடுத்து அவர் செய்து கொடுத்த பொடி மஞ்சளாக, பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லாமல் இருந்தது. சோதித்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். மோதிரங்களைக் காணோம். அங்கங்கே சுருங்கிப்போன கரும்புள்ளிகள் மட்டும் இருந்தன. மருந்தைக் குறைத்துப் பார்த்தேன், இன்னும் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் செத்தன. மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதே முடிவு. இத்தனை வருஷத்தில் எங்கள் ஆய்வகத்தில் எதுவும் இவ்வளவு குறைந்த அளவில் கிருமியைக் கொன்றதில்லை.

துறைத் தலைவர் என்னைத் தாண்டிப் போய் என் கணவரின் கையைக் குலுக்கினார். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றோடு கணினித் திரையில் பேச்சு நடந்தது. அவர்கள் பொடியை வாங்கி எலிகளில் சோதிக்கத் தயார் என்றார்கள். மாதக் கடைசிக்குள் அனுப்புவது என்று முடிவானது. என் கணவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் "நாங்கள்" என்றுதான் சொன்னார். திரையில் இருந்தவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் அவரிடம்தான் கேட்டார்கள். நான் திரையின் ஓரத்தில் பாதிக் காதோடு தெரிந்தேன்.

ஊருக்கு விஷயம் எப்படிப் போனதோ தெரியாது. கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் பங்காளிகள் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மலேரியாவை ஒழித்த மண்ணின் மைந்தனே வருக என்று எழுதி, அவர் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக வாழ்த்தும் நெஞ்சங்கள். அந்தப் படம் என் கொழுந்தன் கல்யாணத்தில் எடுத்தது. அதில் நானும் அவர் பக்கத்தில் நின்றேன். என்னை வெட்டிவிட்டார்கள். ஒழுங்காகவும் வெட்டத் தெரியவில்லை, அவர் கைமுட்டியைப் பிடித்தபடி வளையல் போட்ட நாலு விரல் மட்டும் படத்தில் நின்றது. அவருக்குக் கூச்சமாக இருந்தது, கழற்றச் சொல்கிறேன் என்றார். ஆனால் அன்றைக்குக் கழற்றச் சொல்லவில்லை. மாமியார் அதைத் தினமும் கோயிலுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாராம். எனக்கு எரிந்தது. நாலு விரலைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது?

இந்த எரிச்சலோடுதான் நான் ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன், வேறு உன்னத நோக்கம் எதுவும் இல்லை. மருந்து போட்ட ஸ்லைடுகளில் குறை இல்லை. மருந்து போடாமல் வைக்கும் குடுவை ஒன்று இருக்கும், கண்ட்ரோல் என்போம். அதில் கிருமி தன்பாட்டுக்கு வளர வேண்டும், அதோடு ஒப்பிட்டுத்தான் மருந்து கொன்றதா என்று சொல்வோம். அந்தக் கண்ட்ரோலில் கிருமிகள் இருந்தன. ஆனால் கொழுகொழு இல்லை. வளையங்கள் மெலிந்து, சோனியாக, எண்ணிக்கையும் குறைவாக இருந்தன. செத்துப்போயிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். உயிரோடு இருந்ததால் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

சாகாத கிருமி ஏன் சோனியாக இருக்க வேண்டும்? ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கிற கிருமியைத்தான் அவருடைய பொடி கொன்றதோ? அப்படியானால் பொடியின் வீரம் பாதி பொய். இந்த எண்ணம் வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததால் பயமாகவும் இருந்தது. என் சந்தேகம் நுண்ணோக்கியிலிருந்து வருகிறதா, வயிற்றிலிருந்து வருகிறதா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. வாயைத் திறந்து சொல்லி, அது தப்பாகப் போனால், புருஷன் பெயரெடுப்பது பொறுக்காத பொண்டாட்டி என்று துறை முழுக்கச் சிரிக்கும். சொல்லாமல் விட்டு, பொடி வெளிநாட்டுக்குப் போய் அங்கே பல்லிளித்தால், அவர் பெயர் போய்விடும். இத்தனை நாள் எந்தப் பெயரின் மேல் எரிந்தேனோ அந்தப் பெயர். அது போகப்போகிறது என்றபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் ஒரு சின்ன வேலை செய்தேன். உறைபெட்டியின் அடியில் ஒரு மாணவி கொடுத்த பழைய சீரம் கொஞ்சம் கிடந்தது. பொடியே போடாமல், ஒரே கிருமியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அவள் சீரம், இன்னொரு பாதிக்கு என் கணவர் சீரம் கொடுத்து வளர்த்தேன். முதல் சுற்றில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பிள்ளைக் கிருமிகள் வெளியே வந்து அடுத்த அணுக்களில் புகுந்த சுற்றில் வித்தியாசம் தெரிந்தது. மாணவியின் சீரத்தில் அவை நடவு பிடித்த நாற்று மாதிரி கிளம்பிவிட்டன. என் கணவருடையதில் தலை தொங்கிக் கிடந்தன.

முதல் சுற்றில் பிழைத்து, அடுத்த தலைமுறையில் சாவது. படித்த பாடம் மனதில் எழுந்தது. ஒரு வகை ஆன்டிபயாட்டிக் மலேரியாக் கிருமியை அப்படித்தான் கொல்லும், நிதானமாக, பிள்ளைகளைப் பிடித்து. அந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். பால் என்ற சொல் வந்ததும் நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் கொல்லைக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, "காலைக் காட்டுங்க" என்றேன்.

அவர் எந்தக் கால் என்றுகூடக் கேட்கவில்லை. லுங்கியைச் சற்றுத் தூக்கினார். கணுக்காலுக்குக் கீழே, பாதத்தின் ஓரமாக, ஆறிப்போன நீளத் தழும்பு. ஷூ அப்படிக் கடிக்காது.

வாயைக் கொப்பளித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். டெல்லியிலிருந்து வந்த அந்த வாரக்கடைசியில் வயலுக்குப் போயிருக்கிறார். தண்ணீர் பாய்ச்சுகிறவர் வரவில்லை, மடையைத் திறந்துவிட இவரே இறங்கியிருக்கிறார். சாலையோரத்தில் குடிக்கிறவர்கள் வயலுக்குள் எறிந்துவிட்டுப் போகும் பாட்டில் சில்லு ஒன்று சேற்றுக்குள் இருந்து கிழித்துவிட்டது. திருவையாற்றில் ஒரு டாக்டர் கட்டுப் போட்டு, வயல் தண்ணீர் பட்ட காயம், எலிக்காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்று கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார். நிலத்தை முழுசாகக் குத்தகைக்கு விடச் சொல்லி நான் பல வருஷமாகச் சண்டை போடுகிறேன். ஒருமுறை வயலில் இறங்கிக் காய்ச்சலோடு வந்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அதனால் நான் கத்துவேன் என்று மறைத்துவிட்டார்.

"என்ன கேப்ஸ்யூல்?" என்றேன்.

"டாக்ஸி..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்தினார். டாக்ஸிசைக்ளின், நான் நினைத்த அதே ஆன்டிபயாட்டிக். அவரும் இதே வேலைதானே செய்கிறார். கையில் பிரஷ்ஷோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ரத்தம் எடுக்கறப்ப நீ கேக்கவே இல்லையே."

உண்மை. யாரிடம் ரத்தம் எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்போம், சமீபத்தில் மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. மாணவர்களிடம் கேட்போம், வாட்ச்மேனிடமும் கேட்போம். இவரிடம் நர்ஸ் கேட்கப்போன காலத்திலேயே, வேண்டாம், எனக்குத் தெரியும் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் வயிற்றுக்குள் போவதெல்லாம் என் அடுப்பிலிருந்து போவது என்று எனக்கு ஒரு நினைப்பு. காப்பியில் பால் நின்றதை அன்றே பார்த்தவளும் நான்தான், அதற்கு டெல்லி என்று காரணம் வைத்தவளும் நான்தான். அவருக்கும் தோன்றவில்லை. மருந்து செய்கிறவர், தான் விழுங்கின மருந்து தன் ரத்தத்தில் போகும் என்பதை மறந்துவிட்டார். வீட்டில் திட்டு விழாமல் இருப்பது ஒன்றுதான் அவர் கவலையாக இருந்திருக்கிறது.

சுத்தமான சீரத்தில் பொடியைத் திரும்பச் சோதித்தேன். அடியோடு மோசம் இல்லை. ஆனால் சாதாரணம். நாங்கள் இதற்குமுன் பார்த்துக் கைவிட்ட பலதைப்போல ஒன்று. மாதக் கடைசிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவரே வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதினார், அனுப்புவது நின்றது.

துறைக் கூட்டத்தில் அவர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில் சில்லு, கேப்ஸ்யூல், சீரம் எல்லாம். ஒளிக்கவில்லை, சமாளிக்கவும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "இதைப் புடிச்சது என் ஒய்ஃப்தான். அவங்க பாக்கலேன்னா மானம் கப்பலேறியிருக்கும்" என்றார்.

நான் காத்திருந்தேன். சபையில் என் வேலைக்கு என்று ஒரு சொல் விழப்போகும் நாள் அதுதான். பின்வரிசையிலிருந்து ஒருவர், கடைசியில் வீட்டுக்காரம்மாவிடம் மாட்டிக்கொண்டீர்களா சார் என்றார். அறையே சிரித்தது. துறைத் தலைவரும் சிரித்தார், சிரித்து முடித்ததும் என் கணவரின் தோளைத் தட்டி, இப்படி ஒரு நேர்மையை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா என்று மாணவர்களைப் பார்த்துச் சொன்னார். ஒருத்தி கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். மருந்து தோற்றதற்கும் அவருக்குத்தான் கைதட்டல். ஒரே கிருமியை இரண்டு சீரத்தில் பிரித்து வளர்த்துப் பார்த்த சோதனை, நான் செய்ததிலேயே நல்ல சோதனை, மாத்திரையை ஒளித்த புருஷனைப் பெண்டாட்டி கண்டுபிடித்த கதையாகிவிட்டது. நானும் சிரித்து வைத்தேன். கன்னம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபிளெக்ஸைக் கழற்ற ஊருக்குப் போனோம். அவர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சம்பா நடவு நேரம், வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் கட்டி நின்றது. குடமுருட்டிப் பாலத்தில் எதிரே லாரி வர, ஓரமாக நிறுத்தினார். லாரி போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். அது வேற யாராவது செஞ்ச பொடியா இருந்தா, அந்தக் கண்ட்ரோல நீ திரும்ப எடுத்துப் பாத்திருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சி, கடமை என்று சொல்லிக்கொள்ள வார்த்தைகளுக்கா பஞ்சம்? ஆனால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொய் வரவில்லை.

"பாத்திருக்க மாட்டேன். உங்களோடதுங்கறதாலதான் பாத்தேன். எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பதறி எட்டிப் பார்த்தேன், சிரிக்கிறார். "தெரியும்" என்றார். "அப்ப அடுத்ததையும் நீயே பாரு. வேற யார்ட்டயும் குடுக்க மாட்டேன்." வண்டியைக் கிளப்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. என் எரிச்சலைக்கூட இந்த மனுஷன் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். தோற்றுப்போனவர் முகத்தைத் தொங்கப்போட வேண்டாமா? எனக்கு இப்படித் தோற்கத் தெரியாது. இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருப்பேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஊரில் அவரே கயிற்றை அவிழ்த்தார். பங்காளிகள் சங்கடத்தோடு நின்றார்கள். மாமியார், போனால் போகிறது, அடுத்த மருந்துக்குப் பெரிசாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஃபிளெக்ஸைச் சுருட்டும்போது அவர் அந்த நாலு விரலைப் பார்த்தார். இதற்குமுன் அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது. ஃபிளெக்ஸ் இப்போது மாட்டுக்கொட்டகைக்கு மேல் இருக்கிறது, மழைக்கு ஒழுகாமல்.

அடுத்த பொடி அதற்குப் பிறகு பல மாதம் கழித்து வந்தது. காலையில் தானே கலந்த காப்பியோடு வந்து அந்தக் குப்பியை என் முன்னால் வைத்தார், அவர் காப்பியில் பால் இருக்கிறதா என்று நான் முதலில் பார்த்தேன். இருந்தது. ரத்தம் எடுக்கப் போனபோது நர்ஸ் முன்னால் நானே கேள்வி கேட்டேன், தலைவலி மாத்திரையிலிருந்து ஜெலுசில் வரை. அப்படியும் நம்பாமல் அவருடைய சீரத்தை ஒதுக்கிவிட்டு வேறொருவருடையதைப் போட்டேன். பிறகு இன்னொருவருடையது. பழைய மருந்துகளுக்கு அசராத முரட்டுக் கிருமி ஒன்று எங்களிடம் உண்டு, அதன் மேல் போட்டுப் பார்த்தேன். கண்ட்ரோல்களை ஒவ்வொன்றாக, குறை தேடித் தேடிப் பார்த்தேன். அவை கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. வேறு ஊர் ஆய்வகம் ஒன்றுக்கும் கொடுத்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன்.

தினமும் மாலை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டுவார். சில வாரங்களாக எங்கள் வீட்டில் வத்தக்குழம்பு இல்லை. உப்பு குறைந்த ரசமும், எண்ணெய் காணாத உருளைக்கிழங்கும்தான். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார். ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் ஏறுவதைப் பார்க்கிறேன்.

அந்தப் பொடி இதுவரை தோற்கவில்லை. என் வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது.